ஷுஜாவின் அம்மா என்று இருவர்

நர்ஸ் ஸவ்ரி வாசலில் நின்று, "ஷுஜாவோட அம்மா!" என்று கூப்பிட்டபோது பெஞ்சிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்தார்கள்.

ஒருத்திக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். இன்னொருத்தி சின்னப் பெண். மடியில் தூங்கிக்கொண்டிருந்த பத்து மாதக் குழந்தையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு எழுந்ததால் ஒரு நொடி பிந்தினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க போங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரே நேரத்தில் திரும்ப உட்கார்ந்தார்கள்.

பெஞ்சே சிரித்தது. "ஒரு ஷுஜாவுக்கு ரெண்டு அம்மாவா? அந்தப் பய கொடுத்து வெச்சவன். எங்க வலீதுக்கு ஒரு அம்மாவே ஜாஸ்தின்னு சொல்றான்" என்றாள் வலீதின் அம்மா. காபூலிலிருந்து வந்தவள் அவள். எந்த வரிசையில் நின்றாலும் அந்த வரிசைக்குக் குரல் கொடுப்பவள்.

ஸவ்ரி சிரிக்கவில்லை. கையிலிருந்த இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே டாக்டரின் குரல் உயர்ந்து அடங்கியது. மறுபடி கதவு திறந்தபோது ஸவ்ரியின் முகம் வெளிறியிருந்தது.

"ரெண்டு பேரும் வாங்க" என்றாள்.

தஜிகிஸ்தானின் வஹ்தத் ஊரில் ஆப்கன் அகதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறைகளில் அந்த மருத்துவமனை நடந்தது. தலைநகர் துஷான்பேயில் அகதிகள் தங்கக் கூடாது. அதனால் டாக்டர் முனீராதான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் துஷான்பேயிலிருந்து வஹ்தத்துக்கு வருவார். ஆகஸ்ட் மாதம் பள்ளிக் கூடத்தில் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். அறுபத்தொரு பேர் வந்தார்கள். பெயர் எழுத உட்கார்ந்திருந்தது உள்ளூர்க் கல்லூரிப் பெண் ஒருத்தி. "பேரு?" என்று கேட்டாள். "வலீதோட அம்மா," "ரஹ்மத்தோட அம்மா" என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். அவர்களைப் பொறுத்தவரை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான். வெளியே தாழ்வாரத்தில் ஆண்கள் நின்றுகொண்டிருக்க, அப்பன் வைத்த பெயரைக் கூடத்தின் நடுவில் நின்று எவள் சொல்லுவாள்? அந்தப் பெண்ணும் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டாள்.

நாலு பேருக்கு ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். அந்த நாலு பேரில் இருவர் ஷுஜாவின் அம்மா. எந்த எண் எந்தப் பெண்ணுடையது என்று குறித்து வைத்திருந்த நோட்டு, முகாமை மூட்டை கட்டும்போது எங்கோ போய்விட்டது. கைபேசி இல்லை என்றவர்களுக்கும் எண்ணைச் சொல்லக் கூச்சப்பட்டவர்களுக்கும் பள்ளிக்கூடத்து எண்ணையே எழுதியிருந்தார்கள். இப்போது, இரண்டு மாதம் கழித்து, ஒரே பெயரில் இரண்டு தாள்கள் மேஜைமேல் கிடந்தன.

டாக்டர் முனீரா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"இதுல ஒண்ணு நல்ல தாள். இன்னொண்ணு கெட்ட தாள். எது யாரோடதுன்னு எனக்குத் தெரியல. தப்பு எங்களோடது. மன்னிச்சுக்கங்க."

"கெட்ட தாள்னா?" என்றாள் சின்னப் பெண்.

"கெட்ட கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுக்கணும். எடுத்தா பொழைச்சுக்கலாம். விட்டா கஷ்டம்."

குழந்தை விழித்துக்கொண்டு டாக்டரின் காதில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பிடிக்கக் கையை நீட்டியது. அதன் அம்மா அதன் கையை மெதுவாக மடக்கி வைத்தாள்.

"வயசை வெச்சுச் சொல்ல முடியாதா?" என்று பெரியவள் கேட்டாள்.

"வயசை வெச்சுச் சொன்னா உங்களைத்தான் சொல்லணும், அம்மா. ஆனா இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுங்களுக்கும் நான் இதைச் சொல்லியிருக்கேன். கட்டியும் ரெண்டு பேருக்கும் இடது பக்கம்தான். நான் ஜோசியம் சொல்ற ஆளு இல்ல. இன்னைக்கே திரும்ப ஊசி போட்டு எடுத்து அனுப்பறேன். அடுத்த வியாழக்கிழமை தெரிஞ்சுடும்."

ஊசி போட்டு முடிந்ததும் ஸவ்ரி புதிய தாள்களோடு வந்து உட்கார்ந்தாள். "இப்ப பேரு. அவங்கவங்க சொந்தப் பேரு."

சின்னப் பெண் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, "ஃபரங்கீஸ்" என்றாள்.

"உங்க பேரு?"

"ஷுஜாவோட அம்மா."

"அம்மா, இவ்வளவு குழப்பமும் அதனாலதான் வந்துச்சு. உங்களைப் பெத்தவங்க உங்களுக்கு வெச்ச பேரு என்ன?"

"அப்படி என்னை யாரும் கூப்பிடறதில்ல."

"நான் கூப்பிடறேன். சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. சால்வைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த அகதிச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஸவ்ரி அதைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்: "அனோர்குல்."

அனார்குல் என்பதுதான் பெயர். மாதுளம்பூ. பேசுவது ஒரே மொழிதான் என்றாலும் எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் ஆவன்னாவையெல்லாம் வாயைக் குவித்து ஓவன்னாவாக்கிவிடுவார்கள். யாரோ ஒரு தஜிக் பெண்ணின் பெயரைப் படிக்கிறாள் என்பதுபோல அனார்குல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

கணவன் ஒரு நாளும் அனார்குலைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மாமியாருக்கு அவள் "ஏ பொண்ணு." கல்யாணமாகி ஐந்தாம் வருஷம் ஷுஜா பிறந்ததும் எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. அன்றிலிருந்து ஆப்கானிஸ்தானத்துக் குந்தூஸில் கடைக்காரனிலிருந்து பக்கத்து வீட்டுக்காரிவரை அவள் ஷுஜாவின் அம்மா. அவனுக்குப் பின்னால் வேறு பிள்ளை தங்கவில்லை. கணவன் போய்ச் சேர்ந்தபோது ஷுஜாவுக்குப் பதினாறு. இருபதில் ராணுவத்தில் சேர்ந்தான். இரண்டு வருஷம் முன்னால், குந்தூஸில் தெருத்தெருவாகச் சண்டை நடந்த அந்த ஆகஸ்டில், ஒரு மத்தியானம் போன் பண்ணினான். "அம்மா, சார்ஜ் இல்ல. அப்புறம் பேசறேன்" என்றான்.

வீட்டின் பாதி அடுத்த நாளே விழுந்தது. கொழுந்தன் ஹக்கீமின் குடும்பத்தோடு அவள் எல்லை தாண்டினாள். கோதுமைக் கிடங்குக்குப் பக்கத்தில் ஷுஜா விழுந்ததைப் பார்த்ததாக ஒரு சிப்பாய் ஹக்கீமிடம் சொன்னானாம். "அண்ணி, அவனுக்கு ஃபாத்திஹா ஓதி முடிச்சுடலாம்" என்று ஹக்கீம் கெஞ்சினான். "உடம்பைக் காட்டு, ஓதறேன்" என்றாள் அவள். ஓதவில்லை.

ஷுஜாவின் அம்மா. வஹ்தத்திலும் அதே பெயர்தான்: ரொட்டிக் கடையில், படிக்கட்டில், ஹக்கீம் பிள்ளைகளின் பள்ளி வாசலில். ஒரு நாள் அவள் எண்ணிப் பார்த்தாள். பதினோரு தடவை. அவளைக் கூப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது, தாங்கள் இரண்டு பேரைக் கூப்பிடுகிறோம் என்று.

ஏப்ரலில் ஹக்கீமின் குடும்பத்துக்குக் கனடா விசா வந்துவிட்டது. அண்ணியின் ஃபைல் தனி என்று சொல்லிவிட்டார்கள். விமான நிலையத்துக்குப் போகிற வேனில் ஏறும்போது, "ரெண்டே மாசம், அண்ணி" என்றான். இப்போது வலீதின் அம்மாவின் போனுக்கு, பனிக் குவியலில் பிள்ளைகள் நிற்கிற படம் அனுப்புகிறான். நாலாவது மாடியில் ஒரே அறை, ஒரு ஜன்னல், ஒருத்தி. பதினொன்று குறைந்து இரண்டாயிற்று. சில நாள் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட நாட்களில் சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு, "ஷுஜாவோட அம்மா, டீ குடிச்சியா?" என்று அவளே கேட்டுக்கொள்வாள். குடிச்சாச்சு என்றும் அவளே சொல்வாள்.

குந்தூஸில் வாங்கிய சிம் போட்ட பழைய கைபேசி ஜன்னல் ஓரத்தில் இருந்தது. இங்கே அதற்குச் சிக்னல் கிடையாது. தினமும் சார்ஜ் போடுவாள்.

*

வெள்ளிக்கிழமை பகல் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஃபரங்கீஸ், இடுப்பில் குழந்தையோடு.

"உள்ளே வரலாமா, காலாஜான்?" என்று சின்னம்மா முறை வைத்துக் கூப்பிட்டாள்.

குந்தூஸுக்குக் கிழக்கே ஃபைஸாபாத் பெண் அவள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவான்.

"யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. அவர்கிட்ட சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவாரு, திரும்ப உள்ளே விட மாட்டாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன். உங்களுக்குத்தான் புதுசா எதுவும் சொல்ல வேண்டாமே."

அனார்குல் டீ போட்டாள். முன்னால் யாராவது இருந்தால் டீயை எங்கே வைப்பது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தரையில் வைத்தாள், பிறகு எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். குழந்தை தவழ்ந்து போய்த் தலையணையைக் கவிழ்த்தது.

"ஷுஜா! காலாஜானோட தலையணையை விடு!" என்றாள் ஃபரங்கீஸ்.

அந்த அறையில் அந்தப் பெயரைச் சொல்லி யாரோ யாரையோ அதட்டினார்கள். அதட்டப்பட்டவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அனார்குல் எழுந்துபோய், கொதிக்காத கெட்டிலைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க ஷுஜா எங்க இருக்காரு, காலாஜான்?"

"போன்ல சார்ஜ் இல்ல" என்றாள்.

ஃபரங்கீஸ் வாயைத் திறந்தாள். ஜன்னலோரத்துக் கைபேசியைப் பார்த்தாள். பிறகு அதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

குழந்தை பசித்து அழுதபோது அவள் வலது பக்கம் மட்டும் கொடுத்தாள். இடது பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் கொடுக்கலாம் என்றுதான் சொன்னார், ஆனால் மனசு வரவில்லை. காலையும் மாலையும் தொட்டியில் பீய்ச்சி விடுகிறாளாம். "பீய்ச்சும்போது கண்ணை மூடிக்கறேன். வெள்ளையாத்தான் இருக்கு. ஆனா பார்க்கப் பயமா இருக்கு."

அனார்குல் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். "சுடுதுன்னா சொல்லு. ரொம்ப நேரம் வெச்சுக்காத." பெண் கண்ணை மூடிக்கொண்டு துணியை அழுத்திக்கொண்டாள். வலியில் அவள் உதடு கோணியது. அனார்குலின் சால்வைக்குள்ளும் ஊசி போன இடம் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. 

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். வருவதற்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் மாவும், வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் கந்தனாக் கீரையும் கொண்டுவந்தாள். இருவரும் கீரையை அரிந்து மாவுக்குள் வைத்து மூடி எண்ணெயில் சுட்டுத் தின்றார்கள். குழந்தை அனார்குலின் மடியில் ஏறி மூக்கைப் பிடித்து இழுத்தது. அவள் அதைக் குட்டிப்பயலே, திருட்டுப்பயலே என்றெல்லாம் கூப்பிட்டாள். அதன் பெயரை மட்டும் அவள் வாய் சொல்லவில்லை.

திங்கட்கிழமை படிக்கட்டில் வலீதின் அம்மா பிடித்துக்கொண்டாள். இரண்டு கையிலும் தண்ணீர் வாளி. அதைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, ஷுஜாவோட அம்மா. அந்தப் பொண்ணுக்குக் கைக்குழந்தை. நீங்களோ தனி ஆளு. மேல இருக்கறவனுக்குக் கண்ணு இருந்தா..."

"நானும் அதைத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றாள் அனார்குல்.

"அதானே! உங்க மனசு யாருக்கு வரும்?" வாளிகளோடு வலீதின் அம்மா மேலே போனாள். தண்ணீர் ஒவ்வொரு படியாகச் சிந்திக்கொண்டே போனது.

அனார்குல் சொன்னது பொய். அன்று காலை முகம் கழுவும்போது அனார்குல் கையை உள்ளே விட்டுக் கட்டியைத் தொட்டுப் பார்த்திருந்தாள். முந்தின நாளைவிடச் சின்னதாக இருப்பதுபோல இருந்தது. நெஞ்சு சட்டென்று லேசாயிற்று. அந்த லேசுக்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது கொஞ்சம் கழித்துத்தான். தனக்கு இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு. வேறு வழியில்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்தைத் துடைக்காமலே அவள் நின்றாள். இந்த அறையில் இருந்துகொண்டு உயிரோடு இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. அவன் சார்ஜ் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் எடுக்க ஒரு ஆள் வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் ஃபரங்கீஸ் கதவைத் தட்டியபோது அவள் திறக்கவில்லை. பூட்டின் பக்கம் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். "தூங்கறாங்க போல, ஷுஜா. வா, போலாம்" என்று வெளியே சொல்வது கேட்டது. செருப்புச் சத்தம் நாலு மாடியும் இறங்கிப் போகும்வரை அவள் அசையவில்லை.

செவ்வாயன்று யாரும் வரவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தாள். படிக்கட்டில் ஏறிய சத்தமெல்லாம் மூன்றாவது மாடியோடு நின்றது.

புதன்கிழமை வந்தாள். தூங்காத கண்கள். டீயைக் கையில் எடுத்தவள் குடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"காலாஜான், ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"தொழும்போது... அது உங்களுக்கு இருக்கணும்னு கேட்டுட்டேன். ஒரு தடவை இல்ல. வெள்ளிக்கிழமையில இருந்து அஞ்சு வேளையும்." குரல் உடைந்தது. "உங்க டீயைக் குடிச்சுட்டு, உங்க துணியை வெச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போயி அதைத்தான் கேட்டேன். அந்த உறுத்தல்லதான் நேத்து வரல."

அனார்குல் அவள் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் உனக்கு இருக்கணும்னு கேட்கல" என்றாள் பிறகு. "எனக்கு வேண்டாம்னு மட்டும்தான் கேட்டேன். யோசிச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். திங்கட்கிழமை நான் தூங்கல. கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

ஃபரங்கீஸ் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு எதிர்பாராமல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு ஒழுக, கண் ஒழுகச் சிரித்தாள். "பாவம் அல்லா. ஒரே ஊர்ல இருந்து ரெண்டு மனு. ரெண்டுலயும் ஒரே பேரு. அவனுக்கும் குழம்பியிருக்கும்."

"அவன்கிட்டயும் நோட்டு தொலைஞ்சு போயிருந்தா என்ன பண்றது?"

இருவரும் சிரித்தார்கள். அம்மா சிரிப்பதைப் பார்த்துக் குழந்தையும் சிரித்தது. அதுதான் அந்த வாரத்தில் அந்த அறையில் கேட்ட பெரிய சத்தம். அவர்கள் போனபிறகு அறை முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

*

வியாழக்கிழமை பெஞ்சில் வழக்கமான கூட்டம். இந்தத் தடவை யாரும் தமாஷ் பண்ணவில்லை. வலீதின் அம்மாகூட தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

கதவு திறந்தது. "அனோர்குல்!"

யாரும் எழவில்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அனோர்குல்! குந்தூஸ்!"

ஃபரங்கீஸ் முழங்கையால் இடித்தாள். "காலாஜான். நீங்கதான்."

அனார்குல் எழுந்தாள். முதலில் கூப்பிடுவது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று வாசலைக் கடக்கிற அந்த நாலு எட்டுக்குள் யோசித்துப் பார்த்தாள். டாக்டர் முனீரா நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம், அவளுக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது.

"உங்களோடதுதான், அம்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை. காது மடல் இரண்டும் சுட்டன. "அப்ப அந்தப் பொண்ணுக்கு?"

"அவளுக்கு வெறும் பால்கட்டு. ஒண்ணுமில்ல." டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களால ரெண்டு மாசம் வீணாப் போச்சு. இனிமே ஒரு நாள்கூட வேண்டாம். துஷான்பே பெரிய ஆஸ்பத்திரியில பேசிட்டேன், திங்கட்கிழமை சேரணும். மார்பை எடுத்துடுவாங்க. அப்புறம் மருந்து ஏத்துவாங்க. வாந்தி வரும், முடி கொட்டும், திரும்ப முளைக்கும். நான் பொய் சொல்றதில்ல. பொழைக்க நிறைய வாய்ப்பு இருக்குன்னு சொல்றேன்னா, இருக்கு."

ஸவ்ரி தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவள் குரல் இன்று மெதுவாக இருந்தது. "ஆபரேஷன் முடிஞ்சதும் யாருக்குச் சொல்லணும்?"

"கொழுந்தன் இருக்கான். கனடாவுல."

"கனடாவுல இருந்து வந்து உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாதே, அம்மா. இங்க யாரு?"

ஜன்னலுக்கு வெளியே பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரி முடிந்து இன்னொரு வரி ஆரம்பித்தது.

"எழுதிக்கங்க. ஷுஜாவோட அம்மா."

ஸவ்ரி பேனாவை வைத்துவிட்டாள். "அம்மா! மறுபடி முதல்ல இருந்தா? உங்களைத்தான் கெஞ்சிக் கேட்டேனே..."

"நான் இல்ல. நான் அனார்குல். அனோர் இல்ல, அனார். வாயை நல்லாத் திறந்து சொல்லணும். வெளியே கைக்குழந்தையோட உக்காந்திருக்காளே, அவதான் ஷுஜாவோட அம்மா. அவளுக்குச் சொல்லுங்க."

சொன்னபிறகுதான் ஃபரங்கீஸிடம் கேட்கவில்லையே என்று நினைவு வந்தது. தவிர, தன் வாயாலேயே அந்தப் பெயரைத் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டோம் என்பதும்.  சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நாலாம் வகுப்புவரை படித்தவள், ஆனால் தன் பெயரை எழுதி முப்பது வருஷமாகியிருந்தது. பாரசீக எழுத்தில் எழுதிப் பழகிய வழக்கப்படி கோட்டின் வலது முனையில் ஆரம்பித்து இடது பக்கமாகப் போனாள். அது தேதி எழுதுகிற இடம். தேதியைத் தாண்டி, அச்சடித்த எழுத்துக்களைத் தாண்டிப் பெயர் ஓடி, கையெழுத்துக்கான இடத்தில் போய் முடிந்தது.

"அந்தப் பக்கம் ஆரம்பிக்கணும்..." என்று ஸவ்ரி சொல்ல வந்தாள். டாக்டர் கையை உயர்த்தினார். "இருக்கட்டும். தெளிவாத்தான் எழுதியிருக்காங்க."

வெளியே வந்தபோது ஃபரங்கீஸ் நின்றுகொண்டிருந்தாள். அனார்குலின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.  அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதி பொங்கி வருவதையும், அதை மறைக்க அவள் படாத பாடு படுவதையும் அனார்குல் பார்த்தாள். கோபம் வரவில்லை. உள்ளே வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"உக்காரு" என்றாள். "குழந்தைக்குப் பசிக்குது பாரு."

ஃபரங்கீஸ் பெஞ்சில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சால்வையை மூடிக்கொண்டு, ஒரு வாரமாகக் கொடுக்காத இடது பக்கத்தைக் கொடுத்தாள். பால் வேகமாக வந்து குழந்தைக்குப் புரையேறியது. இருமியது, திட்டுவதுபோல ஏதோ சொன்னது, மறுபடி பற்றிக்கொண்டது. அந்தப் பெண்ணின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"மெதுவாக் குடி, ஷுஜா" என்றாள் அனார்குல். "மெதுவா. யாரும் பிடுங்க மாட்டாங்க."

ஸவ்ரி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "ஷுஜாவோட அம்மா! உங்க போன் நம்பர் என்ன?"

ஃபரங்கீஸ் ஈரக் கண்களோடு திரும்பி அனார்குலைப் பார்த்தாள். அனார்குல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபரங்கீஸ் எண்ணைச் சொன்னாள். இரண்டு தடவை, தெளிவாக. எதற்கு என்று கேட்கவில்லை.

கடைத்தெரு முனைவரை சேர்ந்து நடந்தார்கள். குழந்தை ஃபரங்கீஸின் தோளில் தூங்கிவிட்டது. "திங்கட்கிழமை நானும் ஆஸ்பத்திரி வேன்ல வரேன்" என்றாள் ஃபரங்கீஸ். "குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படி?" என்றாள் அனார்குல்.  மற்றவர்கள் நடக்க வழி விட்டு ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஃபரங்கீஸ் தன் தெருவுக்குத் திரும்பினாள்.

நாலு மாடி ஏறி அறையைத் திறந்தாள் அனார்குல். மத்தியான வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிப் படுக்கைவரை வந்திருந்தது. நேற்று குழந்தை மறுபடி கவிழ்த்துப் போட்ட தலையணை அப்படியே கிடந்தது. அதை எடுக்கவில்லை. சால்வையைக் கழற்றி மாட்டினாள். பழைய கைபேசியைச் சார்ஜில் போட்டாள். அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

கதவைச் சாத்திவிட்டு நடு அறையில் நின்றாள்.

"அனார்குல்" என்றாள் மெதுவாக. வாயை நல்லாத் திறந்து. "டீ குடிச்சியா?"

யார் யாரைக் கேட்கிறார்கள் என்று பிடிபடாததுபோல அவள் அப்படியே நின்றாள். கீழே தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு, கெட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.